ஆறு பத்துக்கு எழுதிய காகிதம்

ரைட்டர் எப்போதும் இடது கையைத்தான் பிடிப்பான். வலது கையைத் தொட மாட்டான். ஐயோ, பெண்டாட்டி மேல் என்ன பாசம் என்று உருகிவிடாதீர்கள். அடிபட்டவள் உட்கார்ந்து எழுத வேண்டுமே, அதற்கு வலது கை வேண்டும்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்றும் நினைத்துவிட வேண்டாம். காவல் நிலையத்தில் புகார், வாக்குமூலம், அறிக்கை எல்லாவற்றையும் எழுதுகிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர். இருபது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அந்த ஊரில் யார் யாரை அடித்தார்கள், யார் தானாக விழுந்தார்கள் என்பதை இவன் பேனாதான் முடிவு செய்யும். லாக்கப்பில் ஒருவன் மூக்கு உடைந்து கிடந்தால், கம்பியில் மோதிக்கொண்டான் என்று அவன் கையாலேயே எழுதி வாங்கிவிடுவான். தேதி, நேரம், இடம், சாட்சிக் கையெழுத்து என்று ஒன்றும் விட்டுப்போகாது. "நேரம் போடாத பேப்பர் பேப்பரே இல்ல" என்பான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது, படுபாவி.

வீட்டிலும் அதே வழக்கம். பெண்டாட்டியை எல்லோரும் டீச்சர் என்பார்கள். மேல்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறாள். அவள் கையால் எழுதி வாங்கிய காகிதங்கள் ஐந்து அவன் பச்சை ஃபைலில் இருந்தன. குழாயில் வாயை மோதிப் பல்லை உடைத்துக்கொண்டேன் என்று ஒன்று. இஸ்திரிப் பெட்டியைத் தோளில் வைத்துச் சுட்டுக்கொண்டேன் என்று இன்னொன்று. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், கட்டில் முனையில் விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டேன் என்று அடுத்து இரண்டு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாசகம்: இதற்கு யாரும் காரணமல்ல, நானே செய்துகொண்டேன்.

ஐந்தாவது காகிதத்தின் கதையைக் கேளுங்கள்.

முந்தின வாரம்தான் டீச்சர் வாயைத் திறந்திருந்தாள். "வாண்டுவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனிமே என்னால முடியாது," என்றாள். வாண்டு அவர்களுடைய ஒன்பது வயது மகள். ரைட்டர் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தான். டீச்சர் நிஜமாகப் பயந்தது அப்போதுதான்.

ஆறு நாள் கழித்து, நீச்சல் வகுப்பிலிருந்து வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, பக்கத்தில் அவனே எழுதி வைத்த இன்னொரு தாள்.

"வாண்டு, உள்ள போ," என்றான். குழந்தைக்குப் பழக்கம்தான். ஈரத் தலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"உக்காரு. இதைப் பாத்து எழுது. ஒரு எழுத்து மாறக் கூடாது."

அவள் எழுதினாள். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் எழுதினாள். பாதியில் ஒரு வரி வந்தது: கோபத்தில் என் இடது கையைக் கதவிடுக்கில் நானே வைத்து நசுக்கிக்கொண்டேன், எலும்பு முறிந்துவிட்டது. பேனா நின்றது. தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நீச்சல் பையைத் தூக்கி வந்த ஈரம்கூட அதில் காயவில்லை.

"என் கை நல்லாத்தானே இருக்குங்க?"

"முடிச்சிட்டியா? கையெழுத்துப் போடு."

போட்டாள். சும்மா மிரட்டுகிறான், ஃபைலில் வைத்துக்கொண்டு ஆட்டிப்படைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் நிதானமாகப் பேனாவுக்கு மூடி போட்டான். தாளை ஃபைலில் வைத்தான். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினான். பிறகு அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக் குளியலறைக் கதவிடம் இழுத்துக்கொண்டு போனான். பழைய காலத்துக் கனமான மரக்கதவு. இரண்டு தடவை சாத்தினான். முதல் தடவை சத்தம் சரியாக வரவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவன்தான் பேசினான். "படியில தவறி விழுந்துட்டாங்க டாக்டர். எத்தனை வாட்டி சொன்னாலும் பாத்து நடக்க மாட்டாங்க." டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எக்ஸ்ரே படத்தில் இரண்டு துண்டாகத் தெரிந்த தன் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய பிறகு, மாவுக்கட்டோடும் வாண்டுவோடும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்தாம் நாள் குடும்ப நீதிமன்றத்திலிருந்து தபால் வந்தது. மனைவிக்கு மனநிலை சரியில்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள், குழந்தைக்கு அவளால் ஆபத்து, எனவே குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ரைட்டர் மனு போட்டிருந்தான். கூடவே ஐந்து வாக்குமூலங்களின் நகல்.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி முகத்தில்தான் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவன் கை அழுகிப் போக! பெத்த புள்ளைய இவகிட்டேருந்து புடுங்கவா இத்தனை வருஷம் எழுதி எழுதிச் சேத்தான்? நாசமாப் போறவன், ஒரு நாள் என் கையில சிக்கட்டும்."

"கத்தாதீங்க அண்ணி, வாண்டு தூங்குது," என்றாள் டீச்சர். வாண்டு தூங்கவில்லை. அடுத்த அறையில் போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது.

வக்கீலம்மா கறாரான ஆள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "விசாரணைக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. உங்க பதிலை நீங்களே எழுதிக் கொண்டாங்க. நான் சட்ட பாஷையில மாத்திக்கிறேன். அவங்க ஃபைல் பண்ணின அஞ்சையும் நல்லாப் படிச்சிட்டு எழுதுங்க."

டீச்சர் ஒன்பது பக்கம் எழுதினாள். கல்யாணத்தில் ஆரம்பித்து, முதல் அறை, இரண்டாவது அறை, பல், தோள், விலா என்று வரிசையாகக் கொட்டித் தீர்த்தாள். எழுதும்போதே அழுதாள். ஆனால் அந்த ஐந்து காகிதங்களை மட்டும் அவள் படிக்கவில்லை. எடுப்பாள், தன் கையெழுத்தைப் பார்ப்பாள், உடனே கவரில் திணித்துவிடுவாள்.

வக்கீலம்மா ஒன்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு மேசையில் போட்டார்.

"டீச்சர், நீங்க அழுதிருக்கீங்க. பாவமாத்தான் இருக்கு. ஆனா உங்க புருஷன் அஞ்சு சான்று வச்சிருக்கான், அஞ்சும் உங்க கையெழுத்து. அதுல ஒண்ணையாவது உடைச்சிருக்கீங்களா? ஜட்ஜ் என்னத்தைப் பாத்து உங்களை நம்புவார்?"

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைபட்டுப் பழகியவள் சொல்கிறாள், நம்புங்கள்.

இங்கே அவள் வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திரத் தேர்வில் ஆவணக் கேள்வி என்று ஒன்று உண்டு. ஏதாவது ஒரு சம்பவத்தைப் பற்றி ஆறு சான்றுகளைக் கொடுப்பார்கள். கடிதம், அறிக்கை, பத்திரிகைச் செய்தி என்று கலந்து இருக்கும். அவற்றை வைத்து ஒரு வாதத்தைக் கட்டி நிறுத்த வேண்டும். பிள்ளைகள் என்ன செய்யும்? சான்று ஒன்று இப்படிக் கூறுகிறது, சான்று இரண்டு அப்படிக் கூறுகிறது என்று வரிசையாக ஒப்பிக்கும். டீச்சர் கரடியாய்க் கத்துவாள். "இது கட்டுரையா, சலவைக்குப் போட்ட துணிக் கணக்கா? உன் முடிவு என்ன? அதை முதல் வரியில சொல்லு! யார் எழுதினது? எப்போ? யாருக்கு? எழுதினவனுக்கு அதுல என்ன லாபம்? ஒரு சான்றை இன்னொண்ணோட மோத விடு!" பிள்ளைகள் அவளுக்கு 'யாரெழுதினா டீச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான்.

வக்கீலம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள், மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுக் கையைத் தாள்கட்டின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு வலது கையால் சிவப்பு மை. துறைமுக வாசலில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூடு பற்றிய கேள்வி. யார் பொறுப்பு என்று வாதிட வேண்டும். அவளே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்தது.

சான்றுகள் ஒவ்வொன்றும் ரத்தமாகத்தான் இருக்கும். தாடை பறந்துபோன ஒரு மூட்டைத் தூக்கியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனதை ஒரு மாலுமி எழுதியிருப்பான். செத்தவன் ஒருவனின் மனைவி தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், அவர் சட்டையைத் துவைத்தேன், முதுகுப் பக்கம் ஓட்டை சின்னது, நெஞ்சுப் பக்கம் என் கை நுழைகிற அளவு என்று இருக்கும். அதிகாரியின் அறிக்கையிலோ, கூட்டம் ஆவேசமாக முன்னேறி வந்ததால் சுட நேர்ந்தது, மூவர் பலி, ஒரே ஒரு வரி. பிள்ளைகள் எல்லாம் முதுகில் சுட்டதைப் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

கடைசித் தாள் கொட்டாவியுடையது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் முழுக்கக் கொட்டாவி விடுகிற பெண். அவள் கையெழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தியிலேயே இப்படி எழுதியிருந்தாள்: அதிகாரியின் அறிக்கையில் காலை ஒன்பதரை மணி என்று போட்டிருக்கிறது. மாலுமி நாட்குறிப்பில் முதல் குண்டு பத்தேகாலுக்கு. ஆகவே மூன்று பேரும் உயிரோடு நின்றுகொண்டிருந்தபோதே அவர்கள் சாவை அதிகாரி எழுதி முடித்துவிட்டார். கூட்டம் முன்னேறியதால் சுடவில்லை, சுடுவது என்று முன்பே முடிவாகிவிட்டது.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை நடத்துகிறாள். அந்த நேரம் அவள் கண்ணில் பட்டதே இல்லை. தலைப்பைத் தாண்டித் தாண்டியே படித்திருக்கிறாள்.

அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு தூக்கிவாரிப்போட்டது. கைப்பையைக் கவிழ்த்தாள். பேனா, சாவி, மாத்திரை எல்லாம் மேசையில் உருண்டன. கவரைப் பிரித்து ஐந்தாவது காகிதத்தை எடுத்தாள். தலைப்பு அவள் கையெழுத்திலேயே, அழகாக, ஒரு எழுத்து மாறாமல்: நேரம் மாலை 6.10. முதல் வரி: இன்று மாலை ஆறு மணியளவில், மேற்படி வீட்டில். அடியில் அவனோடு வேலை செய்கிறவனின் சாட்சிக் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் 6.15.

ஆறு பத்துக்கு அவள் வீட்டிலேயே இல்லை. நீச்சல் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து வாண்டு தண்ணீரை உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் விளங்கிவிட்டது. ஸ்டேஷன் பழக்கம் அவனை விடவில்லை. பேனாவை எடுத்ததும் முதலில் நேரத்தைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை எழுதுவான். அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, தனியாக, ஆறு பத்துக்கு, அவள் கை உடைந்த கதையை எழுதிவிட்டான். அவள் ஏழு மணிக்கு வந்து, ஒரு எழுத்து மாறாமல், நேரத்தையும் சேர்த்துக் காப்பியடித்தாள். தேர்வில் பக்கத்து ஆள் தாளைப் பார்த்துப் பெயரையும் சேர்த்து எழுதும் மக்குப் பிள்ளைகளை எத்தனை தடவை திட்டியிருப்பாள்! அந்தச் சாட்சியும் பிறகு தலைப்பைப் பார்த்து ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டிருப்பான்.

கொட்டாவியின் தாளில் முழு மதிப்பெண் போட்டாள். போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுதாள்.

நீச்சல் குளத்திலிருந்து பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப் போகிற பெரியவர்கள் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேதி. வாண்டு பெயர். 6.35. அவள் கையெழுத்து. கீழே பயிற்சியாளர் கையால் ஒரு குறிப்பும் இருந்தது: மிதவைப் பலகைகளை அலமாரியில் அடுக்க இந்த அம்மா உதவினார், நன்றி. இரண்டு கையும் நன்றாக இருந்தால்தானே பலகை அடுக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியின் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தன் ஒன்பது பக்கத்தை எடுத்து, சிவப்பு மையால் ஓரத்தில் எழுதினாள்: பட்டியல். வாதம் எங்கே? எழுதியதும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு, "பைத்தியம்னு அவன் எழுதிக் குடுத்தது நெசமாயிடப் போகுதுடி," என்றாள்.

புதிதாக எழுதினாள். முதல் வரியிலேயே முடிவைச் சொன்னாள்: இந்த ஐந்து காகிதங்களில் நான்கை என்னை அடித்தவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஐந்தாவது என்னை அடிக்கும் முன்பே எழுதப்பட்டது. பிறகு ஐந்தாவது காகிதத்தையும் நீச்சல் குளப் பதிவேட்டையும் மோத விட்டாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எடுத்தாள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் கணவர் என்று இருந்தது. அதே கணவர் டாக்டரிடம் படியில் விழுந்ததாகச் சொல்கிறார், நீதிமன்றத்தில் அவளே கதவில் நசுக்கிக்கொண்டதாகச் சொல்கிறார். டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடக் கூடாது, அதனால் அங்கே படி. நீதிபதி அவளைப் பைத்தியம் என்று நம்ப வேண்டும், அதனால் இங்கே கதவு. அவர்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது, அதில் படியே கிடையாது என்பதையும் சேர்த்தாள். ஐந்து காகிதத்திலும் வருகிற 'மேற்படி', 'சம்பவ இடம்' எல்லாம் ஸ்டேஷன் பாஷை, தான் வாழ்க்கையில் ஒரு கடிதத்தில்கூட அப்படி எழுதியதில்லை என்று தன் பழைய கடிதங்கள் இரண்டை இணைத்தாள்.

மூன்றாவது காகிதத்தில் வந்து கை நின்றுவிட்டது. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன் என்ற காகிதம்.

அது மட்டும் உண்மை. அன்றைக்கு அவன் அவளைத் தொடவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரம், அவளையும் அவள் செத்துப்போன அம்மாவையும் சொல்லக் கூசுகிற வார்த்தைகளால் பேசிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து போய்ச் சமையலறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள். மூன்று தடவை. ரத்தம் கண்ணில் வழிந்தபோதுதான் வாசலில் வாண்டு நிற்பதைப் பார்த்தாள்.

வக்கீலம்மாவிடம் சொன்னபோது அவர் பதறிப்போனார். "அதைத் தொடாதீங்க! அஞ்சும் பொய்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போங்க. நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களா? குழந்தை போயிடும் டீச்சர்."

"இல்லம்மா. எதிரா இருக்கிற சான்றை மறைச்சு எழுதினா என் பசங்களுக்கே நான் மார்க் போட மாட்டேன். அவன் வாண்டுவையே சாட்சியாக் கூப்பிடுவான். குழந்தை பொய் சொல்லாது. நான் பொய் சொன்னது அப்போ தெரிஞ்சு போயிடும். அப்புறம் நான் சொன்ன நாலு உண்மையும் குப்பைக்குப் போயிடும்."

"ரிஸ்க்கு."

"தெரியும்."

தெரியும் என்றாளே தவிர, அன்றிலிருந்து விசாரணை நாள் வரை அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. வாண்டுவின் தலையைச் சீவிவிடும்போதெல்லாம் வகிடு கோணிப்போகும். குழந்தை ஒரு தடவை சீப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னை அப்பாகிட்ட அனுப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டது. "யார் சொன்னா?" என்றாள். "யாரும் சொல்லல. பெரியவங்க பேசினதைக் கேட்டேன்," என்றது. டீச்சர் சீப்பை வாங்கி இன்னொரு தடவை வகிடெடுத்தாள்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், ஜன்னலோரம் தட்டச்சு செய்கிற அம்மாள். நீதிபதிக்குச் சளி. நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரைட்டர் தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்திருந்தான். அவனைப் பார்த்தால் நீங்களே ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பீர்கள். அவன் டீச்சரைப் பார்த்து, வருத்தப்படுகிறவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"ஐயா, நான் இவங்களைக் குத்தம் சொல்லல. ஒடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கும் வருது. கொழந்தையை நெனச்சாத்தான் எனக்குப் பயம். மூணாவது வாக்குமூலத்தைப் பாருங்க. சுவத்துல முட்டிக்கிட்டதை எங்க மகளே பாத்திருக்கு. வேணும்னா கேட்டுப் பாக்கலாம்."

நீதிபதி டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அது உண்மைங்க. முட்டிக்கிட்டேன். ஏன்னு என் பதில்ல எழுதியிருக்கேன். மகள் பாத்தா. அதுக்காக இன்னிக்கு வரைக்கும் வெக்கப்படுறேன்."

ரைட்டர் வாய் பாதி திறந்தபடியே நின்றது. அவள் மறுப்பாள், மறுத்ததும் குழந்தையைக் கூப்பிடலாம் என்று கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவன். வெட்டுவதற்கு எதிரில் ஒன்றும் இல்லை.

நீதிபதி அவளுடைய பக்கங்களைத் திருப்பினார். மெதுவாகப் படித்தார். மூக்கைத் துடைக்க மறந்துவிட்டார் போல. ஐந்தாவது காகிதத்தையும் நீச்சல் குளப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மனுவில அஞ்சாவது பத்தியில ஒண்ணு சொல்லியிருக்கீங்க," என்றார் ரைட்டரிடம். "வாக்குமூலங்கள் எல்லாம் சம்பவம் நடந்தவுடனே, அதில் குறிப்பிட்ட நேரத்தில், மனைவி சுயமாக எழுதினதுன்னு. சரிதானே?"

"சத்தியமா சரிங்க ஐயா. நேரம் போடாத பேப்பர் எங்ககிட்ட கெடையாது."

"அப்ப இந்த நேரத்தைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

வாங்கிப் பார்த்தான். "மாலை ஆறு பத்து."

"இதையும் படிங்க."

பதிவேட்டைப் பார்த்தான். படிக்கவில்லை. காது மடல் சிவந்தது.

"நான் படிக்கிறேன். ஆறு முப்பத்தஞ்சு. ஒடைஞ்ச கையோட இந்தம்மா நீச்சல் குளத்துல பலகை அடுக்கிட்டு இருந்திருக்காங்க. கை எப்ப ஒடைஞ்சுதுன்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா நீங்க எப்ப எழுதினீங்கன்னு தெரியுது. ஒடையறதுக்கு முன்னாடியே ஒடைஞ்சுதுன்னு எப்படிங்க எழுதினீங்க?"

"அவ நேரத்தைத் தப்பாப் போட்டிருப்பா..."

"ஒங்க சாட்சியும் தப்பா ஆறேகால்னு போட்டாரா?"

இருபது வருடமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டு எழுதியவன். அவனை யாரும் கேட்டதே இல்லை. மேசையைப் பார்த்தான், ஃபைலைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ள அவள் காலை ஊன்றினாள். அதற்குள் அவன் மேசை மேல் பாய்ந்துவிட்டான்.

"எனக்கே எழுதக் கத்துக் குடுக்கிறியாடி!"

மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். கட்டு தேங்காய் மாதிரி பிளந்தது. இன்னொரு தடவை அடித்தான். நாற்காலியோடு அவள் தரையில் விழுந்தாள், அவன் முழங்கால் அவள் விலாவில் இறங்கியது. வக்கீலம்மா அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். வாசலில் நின்ற சேவகர் ஓடிவந்து கழுத்தில் கையைப் போட்டுப் பின்னால் சாய்த்தார். தேய்த்த சட்டை கிழிந்து தொங்கியது. அப்போதும் காலை உதைத்துக்கொண்டிருந்தான். நீதிபதி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

தட்டச்சு அம்மாளின் விரல்கள் விசைப்பலகை மேல் அந்தரத்தில் நின்றன. கட்டுக்குள்ளிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. டீச்சருக்கு மூச்சு விடும்போதெல்லாம் விலா குத்தியது.

"எழுதுங்க," என்றார் நீதிபதி. "மனுதாரர் என் முன்னிலையில் எதிர்மனுதாரரைத் தாக்கினார். குழந்தை தாயிடமே இருக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறேன். மனுதாரரைப் போலீஸ்ல ஒப்படைங்க, அவர் ஸ்டேஷன்ல இல்ல, வேற ஸ்டேஷன்ல."

விசைகள் தடதடவென்று ஓடின.

"அம்மா," என்றாள் டீச்சர் தரையிலிருந்து. தட்டச்சு அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நேரம் போடுங்கம்மா. பதினொண்ணு இருபத்திரண்டு."

அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டினாள். வக்கீலம்மா தோளைத் தாங்க, டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து மேசையைப் பிடித்து நின்றாள். அந்த அம்மாளின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். தேதி இருந்தது, இடம் இருந்தது, நேரம் சரியாக இருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட அவள் எழுத வேண்டியிருக்கவில்லை.